தட்டிலே ஒரு மரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரியின் மேல், ஒரு பிணம் ஆறு வாரம் இருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பயந்துவிடாதீர்கள்! நான் சொல்வது ஒரு செடியைப் பற்றி. பெங்களூருக்குப் போயிருந்தபோது ஒரு நர்ஸரியில் ஜூனிப்பர் செடி ஒன்று வாங்கி வந்தேன். படங்களில் பார்த்திருப்பீர்களே, ஜப்பானியர்கள் ஒரு சாண் உயரத்தில் வளைத்து நெளித்து வளர்க்கும் குட்டை மரம், 'போன்ஸாய்' - அதை நானே பண்ணிப் பார்த்துவிடுவது என்ற ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரியும் கையுமாக உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதிக் கிளைகளைக் கழித்து, வேரைக் கத்தரித்து, கம்பி சுற்றி, பீங்கான் தட்டில் நட்டு, அலமாரி மேல் ஏற்றியாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களோடு இருக்கும் அத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில், "வளர்கிற பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டு அழகு பார்க்கிற மாதிரி இருக்கேடா! அந்தச் செடி உன்னை என்ன பண்ணித்து?" என்றாள்.

ஆறாவது வாரம் அத்தையே ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை இருக்க வேண்டும். அங்கே காய்ந்த வைக்கோல் நிறம்தான் இருந்தது. கிளையை வளைத்தாள், அப்பளம் மாதிரி 'படக்'கென்று ஒடிந்தது. ஜூனிப்பர் போன்ற மரங்களுக்கு இப்படி ஒரு குணம்: உயிர் போன பிறகும் பல வாரங்களுக்குப் பச்சை மாறாது. நான் விருந்தாளிகளுக்குக் காட்டிய அழகு எல்லாம் அந்தப் பொய்ப் பச்சைதான்.

அந்தச் செடிக்கு நான் இழைத்த கொடுமைகள் மூன்று. கிளை, வேர், கம்பி மூன்றையும் ஒரே நாளில் செய்தது முதலாவது. வெயிலும் காற்றும் வேண்டிய மரத்தை நாற்காலி மேஜை போலக் கூடத்தில் வைத்தது இரண்டாவது. குளிர்ந்த ஊர்ச் செடியைச் சென்னைப் புழுக்கத்துக்குக் கொண்டு வந்தது மூன்றாவது. நீங்களும் இந்த வழியில் போய்விடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் சரியான செடியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுமையும் வைத்துக்கொண்டால், பால்கனி உள்ள எந்த வீட்டிலும் இது முடியும்.

அதற்கு முன் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நான் அவளை அழைத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் கோயிலின் கோபுரத்தைக் காட்டினேன். கோபுரங்களில் பொம்மைகளுக்கு இடையே, காரை வெடிப்பில் அரசங்கன்று முளைத்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கைப்பிடி மண்தான் அதற்கு ஆதாரம். வருஷக்கணக்கில் அப்படியே முழ உயரத்தில் நிற்கும். அதே கன்றை ஆற்றங்கரையில் நட்டால் ஊருக்கே நிழல் தரும். போன்ஸாயும் அப்படித்தான். அது குட்டையாகவே பிறந்த தனி ஜாதி அல்ல. சாதாரண மரத்தின் சாதாரண விதையிலிருந்து வந்ததுதான். தட்டிலிருந்து எடுத்துப் பூமியில் நட்டுவிட்டால் மறுபடி விறுவிறுவென்று வளர ஆரம்பித்துவிடும். பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்பதும் தவறு. தட்டில் மண் குறைவு என்பதால் அதற்கு வேளை தவறாமல் தண்ணீரும் முறையாக உரமும் கொடுத்தே தீர வேண்டும். கோபுரத்துக் கன்றை யார் கவனிக்கிறார்கள்?

அத்தை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "செத்துப்போனதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டாள். அதற்குப் பதில் இல்லை.

இந்தக் கலை சீனாவில் பிறந்தது. அங்கே 'பென்ஜிங்' என்பார்கள். ஜப்பானுக்குப் போய் அங்கே தனி வடிவம் பெற்றது. 'போன்' என்றால் தட்டு. 'ஸாய்' என்றால் நடுவது. 1923-ம் வருஷம் டோக்கியோவைப் பெரிய பூகம்பம் அழித்தபோது, அங்கிருந்த போன்ஸாய்க்காரர்கள் சிலர் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி ஓமியா என்ற இடத்துக்குப் போய், 1925-ல் ஒரு கிராமத்தையே நிர்மாணித்தார்கள். குடியேறுகிறவர்களுக்கு அவர்கள் விதித்த நிபந்தனைகள் வேடிக்கையானவை: வீட்டுக்குப் பத்து போன்ஸாயாவது வைத்திருக்க வேண்டும்; யார் வந்தாலும் வாசற்கதவு திறந்திருக்க வேண்டும்; மாடி கட்டக் கூடாது; மதிலுக்குப் பதில் உயிர்வேலிதான் போட வேண்டும். இப்படி ஒரு காலனியில் நமக்கு இடம் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு மேல் மாடி கட்டாமல் நம்மவர்களால் இருக்க முடியுமா?

சரி, நர்ஸரிக்குப் போவோம்.

நம் ஊர் உஷ்ணத்துக்கு ஏற்றது ஆல், அரசு, அத்தி, இச்சி வகையறாக்கள். நர்ஸரிக்காரர்கள் இவற்றில் பலவற்றைப் பொதுவாக 'ஃபைகஸ்' என்று சொல்லுவார்கள். சிறிய இலை உள்ளதாகக் கேளுங்கள். வெட்டின இடத்தில் சலிக்காமல் துளிர்க்கும், தவறுகளை மன்னிக்கும், வேர்கூட அழகாகத் திரளும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல குரு கிடையாது.

கடைக்காரர் உங்களுக்கு உயரமாக, நேராக, குடை மாதிரி இலை விரித்த செடியைக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரத்தில், யாரும் வாங்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும் கோணல் செடிகளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மேலே பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். மண்ணை விரலால் அரை அங்குலம் விலக்கினால் வேர்கள் தண்டிலிருந்து நாலு பக்கமும் பிரிகிற இடம் தெரியும். அது கோழிக்கால் விரித்த மாதிரி இருந்தால் உத்தமம். தண்டு அடியில் பருத்து மேலே போகப் போக மெலிய வேண்டும். தாழ்வாகவே கிளை விட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், மற்றக் குறைகளைப் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம். நான் இரண்டாவது தடவை வாங்கிய இச்சியைப் பார்த்துக் கடைக்காரர், "இதையா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரியைத் தேடாதீர்கள். இரண்டு வாரம் அது உங்கள் பால்கனிக்குப் பழகட்டும். அதற்குள் உங்களுக்கும் அது பழகும். ஒரு ஸ்டூலின் மேல், உங்கள் கண் மட்டத்துக்கு வைத்து, தினமும் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வேரும் தண்டின் வளைவும் நன்றாகத் தெரிகிறதோ அதுதான் மரத்தின் முகம். பெண் பார்க்கிற நிதானம் இதில் வேண்டும்.

பிறகு வெட்டு. கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே மூன்றில் ஒரு பாகத்துக்கு உட்பட்ட கிளைகளைக் கழித்துவிடலாம். தண்டு தெரிய வேண்டும். ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி இரு கிளைகள் இருந்தால் ஒன்று போக வேண்டும். தண்டின் வளைவில் உள்பக்கமாக முளைத்தது, நெட்டுக்குத்தாக மேலே போவது, நேரே கீழே இறங்குவது, இன்னொரு கிளையைக் குறுக்கே தாண்டிப் போவது - இவையும் ஆகாது. எஞ்சியவை மாடிப்படி போல இடமும் வலமும் பின்புறமுமாக ஏறிப் போனால் மரம் மரமாகத் தெரியும். பின்புறக் கிளையை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் மரம் சுவரில் ஒட்டின படம் மாதிரி ஆகிவிடும்.

தலையையும் வெட்ட வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. தண்டின் அடிப் பருமனைப் போல ஆறு மடங்கு உயரம் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. தலையை வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா? நுனிக்குருத்தில் 'ஆக்ஸின்' என்று ஒரு சத்து ஊறிக் கீழே இறங்குகிறது. பக்கத்து மொட்டுக்களை "சும்மா இருங்கள்" என்று அடக்கி வைப்பது அதுதான். மாமியார் ஊருக்குப் போன வீடு மாதிரி, நுனி போனதும் கீழே தூங்கிக்கொண்டிருந்த மொட்டுக்களெல்லாம் கிளம்பிவிடுகின்றன. கிளை அடர்த்தியாவதன் ரகசியம் இதுதான். சீனாவில் குவாங்டுங் பிரதேசத்தார் கம்பியே அதிகம் உபயோகிக்காமல், வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டியே மரத்துக்கு உருவம் கொடுத்துவிடுகிறார்கள்.

வெட்டின இடத்தில் பால் வடியும். பதற வேண்டாம். தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆனால் அந்தப் பால் சிலருக்கு உடம்பில் பட்டால் அரிக்கும். புடவையில் பட்டால் லேசில் போகாது. ஆகவே பழைய துணி, கைக்கு உறை. இன்னொன்று: விட்டுவைக்கிற ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று இலையாவது இருக்கட்டும். மொட்டையாக்கின கிளை சில சமயம் துளிர்க்காமலே காய்ந்துவிடும். ஒரு நாளில் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது. அன்றைக்கு வேலை அவ்வளவுதான்! வேரைத் தொடாதீர்கள். (ஜூனிப்பர் ஞாபகம் இருக்கட்டும்.)

கம்பி சுற்றுவது பூத்தொடுக்கத் தெரிந்த கைகளுக்கு விளையாட்டு. அலுமினியக் கம்பி மிருதுவானது. கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமன் இருந்தால் சரி. முதலில் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. பிறகு கிளையோடு சாய்வாக, நாற்பத்தைந்து டிகிரிக் கோணத்தில், இலையை அமுக்காமல் போக வேண்டும். இறுக்கவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருந்தால் பட்டை பிளக்காது. இரண்டு கட்டை விரலையும் உள்பக்கம் கொடுத்து மெள்ள மெள்ள வளையுங்கள். வயதான மரத்தின் கிளைகள் பாரத்தால் தாழ்ந்திருக்கும். அதனால் கிளையைச் சிறிது கீழே சாய்த்தாலே மரத்துக்கு வயது கூடிவிடும்.

தட்டில் நடுவது அப்புறம்தான். புதுத் துளிர் நன்றாக வந்து, மரம் தெம்பாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கத்தரி வெயிலைத் தவிர்த்து, ஆடி ஆவணி மழை ஈரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆற்று மணல், உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி, இலை மக்கு மூன்றும் கலந்தால் தண்ணீர் தங்காது. தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள். தட்டின் அடியில் துவாரம் அவசியம். அதன் மேல் ஒரு துண்டு வலை. அடியில் இறங்கும் தடித்த வேர்களைக் கத்தரித்து, சல்லி வேர்களைக் காப்பாற்றுங்கள். இங்கேயும் மூன்றில் ஒரு பங்குதான். மரம் ஆடாமல் தட்டோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட வேண்டும், ஆடினால் புது வேர் அறுந்துவிடும். இரண்டு மூன்று வாரம் நிழல், ஒரு மாசம் வரை உரம் இல்லை. அப்புறம் காலை வெயில் படுகிற இடம்.

தண்ணீருக்குக் கணக்குக் கேட்காதீர்கள். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தால் அடித் துவாரத்தில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். சித்திரை வைகாசியில் இரண்டு வேளையும் வேண்டியிருக்கும்.

"எப்போது முடியும்?" என்று கேட்பீர்கள். இது முடிகிற வேலை அல்ல. வாஷிங்டனில் அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625-லிருந்து தட்டில் வளர்ந்து வருவது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணியது. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி அணுகுண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டரில் அந்த வீடு. உயரமான தோட்டச் சுவர் மறைத்ததால் மரம் பிழைத்தது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குப் பரிசளித்த மரங்களில் அதுவும் ஒன்று. குண்டு போட்ட தேசத்துக்கே அதைக் கொடுத்தவர் அந்தக் கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. 2001-ல் பேரப் பிள்ளைகள் பார்க்க வந்து சொன்ன பிறகுதான் தோட்டத்தாருக்கே விவரம் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் தினமும் தண்ணீர் ஊற்றியவர்கள், எதற்கு ஊற்றுகிறோம் என்று அறியாமலே ஊற்றியிருக்கிறார்கள்.

என் இச்சிக்கு அவ்வளவு பெரிய சரித்திரம் கிடையாது. கம்பி சுற்றி ஒரு மாசம் ஆன சமயம், ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் டெல்லிக்குப் போக நேர்ந்தது. இந்த வகை மரம் வேகமாகப் பருக்கும். கம்பி பட்டையில் புதைகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்து, புதைய ஆரம்பித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது மரத்தில் கம்பியே இல்லை. சுற்றிலும் துண்டு துண்டாகக் கிடந்தது.

"சதையிலே மோதிரம் புதைஞ்ச மாதிரி இருந்தது. பிரிச்சால் பட்டை பேந்துடுமோன்னு பயம். பாக்குவெட்டியாலே நறுக்கிப் போட்டுட்டேன்" என்றாள் அத்தை.

புத்தகங்களிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. கம்பியைப் பிரிக்கக் கூடாது, நறுக்கித்தான் எடுக்க வேண்டும். இப்போது அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தைதான். என்னைக் கிட்டே விடுவதில்லை. இடது பக்கத்து முதல் கிளையில் மூன்று சுற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, போன வாரம் புதிதாக இரண்டு துளிர் வந்திருக்கிறது.