வாகன மின்னேற்றக் கோளாறு அறிதல்

வாகன மின்னேற்றக் கோளாறு அறிதல் என்பது, எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் மின்கலம் முறையாக மின்னேற்றம் பெறுகிறதா என்பதையும், பெறாவிடில் பழுது எப்பகுதியில் உள்ளது என்பதையும் அளந்து கண்டறியும் முறை ஆகும். சேலத்தில் இருந்து சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை போன்ற மலைப்பாதைகளில், இரவிலோ மூடுபனியிலோ முகப்பு விளக்குகள் மங்கினால் விபத்து நேரலாம். எனவே அங்கு வாகனம் ஓட்டுவோருக்கு இது பயனுள்ள அறிவாகும்.

அமைப்பு

எஞ்சினின் சுழற்சி, பெல்ட் வழியாக ஆல்ட்டர்னேட்டரை இயக்குகிறது. அதில் உண்டாகும் மாறுதிசை மின்னோட்டத்தை டயோடுகள் நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஒழுங்காக்கி மின்னழுத்தத்தை வரம்புக்குள் வைக்கிறது. முற்காலத்தில் பயன்பட்ட டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்னோட்டம் தருவதில்லை. 1960 இல் கிறைசுலர் நிறுவனத்தின் வேலியண்ட் மகிழுந்தில் ஆல்ட்டர்னேட்டர் இடம்பெற்றது. பின்னர் டைனமோ படிப்படியாக வழக்கொழிந்தது.

சோதனைகள்

முகப்புப் பலகையில் மின்கலப் படத்துடன் எரியும் சிவப்பு விளக்கு, பெரும்பாலும் மின்னேற்றம் நடைபெறவில்லை என்பதையே குறிக்கும். ஆகவே, சோதிக்காமல் மின்கலத்தை மாற்றுவது வீண் செலவாகலாம். 12 வோல்ட்டு அமைப்புகளில் மல்டிமீட்டர் கொண்டு பின்வருவன அளக்கப்படுகின்றன:

1. எஞ்சின் சில மணி நேரம் ஓடாதிருந்த பின், முழுமையாக மின்னேற்றப்பட்ட மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12.0 வோல்ட்டு எனில் அது பெரும்பாலும் தீர்ந்துள்ளது.
2. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்கும். மின்னழுத்தம் உயராவிடில் பெல்ட், இணைப்புகள், ஆல்ட்டர்னேட்டர் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். தொடர்ந்து 15 வோல்ட்டுக்கு மேல் சென்றால் ஒழுங்காக்கி பழுதாகியிருக்கலாம்.
3. முகப்பு விளக்கு, காற்றூதி ஆகியவற்றை இயக்கி எஞ்சின் வேகத்தைக் கூட்டிய பின்னும் 13 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால், பெல்ட் வழுக்குதலோ டயோடு பழுதோ காரணமாகலாம்.
4. ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே, மின்சுமையுடன் அளக்கையில் சில பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், கம்பியிலோ முனையிலோ அரிப்பு உள்ளது எனலாம்.

புதிய வாகனங்கள் சிலவற்றில் கணினியே மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால், ஒரே ஓர் அளவைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. எஞ்சின் ஓடும்போது மின்கல முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம், மின்னழுத்தத்தைத் திடீரென உயர்த்தி மின்னணுப் பாகங்களைச் சேதப்படுத்தக்கூடும்.

மலைப்பாதையில்

தாழ்ந்த கியரில் ஏறும்போது எஞ்சின் விரைவாகவே சுழல்வதால், நல்ல நிலையிலுள்ள ஆல்ட்டர்னேட்டருக்குச் சிக்கல் இல்லை. மே மாதக் கோடை விழாக் கால நெரிசலில் நின்று செல்லும்போது உற்பத்தி குறைகிறது.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பல வாகனங்களில் அதே பெல்ட் குளிர்நீர் பம்பையும் இயக்குகிறது. அது அறுந்திருந்தால் எஞ்சின் விரைவில் மிகையாகச் சூடேறும்; தொடர்ந்து ஓட்டக்கூடாது.

பெல்ட் நன்றாக இருந்தால், மின்கலத்தின் சேமிப்பைக் கொண்டு சிறிது தொலைவு செல்லலாம். 35 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருந்து விளக்கு, துடைப்பான், எரிபொருள் பம்பு ஆகியன சேர்ந்து 20 ஆம்பியர் எடுத்தால், கணக்கின்படி அது 1¾ மணி நேரம் தாங்கும். பழைய மின்கலம் இதில் பாதி நேரம்கூடத் தாங்காது. ஏற்காட்டில் இருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்; இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். எனவே பகலில் தேவையற்ற சாதனங்களை அணைத்து இறங்கலாம். இரவிலும் மூடுபனியிலும் பயணத்தைத் தொடராதிருப்பதே பாதுகாப்பானது. மின்சாரத்தைச் சேமிக்க எஞ்சினை அணைத்து இறங்குவது, பிரேக்கின் துணைவிசையை இழக்கச் செய்யும் என்பதால் மிகவும் ஆபத்தானது.