தொலைபேசி அழைப்புத் தடையும் பொதுக்குறிகளும்

அலுவலகத் தொலைபேசி பலர் கையாளும் பொதுப்பொருள். அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துவதோ நிறுவனம் ஒன்றே. எனவே எவர் எங்கு அழைக்கலாம், எங்கு அழைத்தலாகாது என வரையறுக்க வேண்டிய தேவை நெடுங்காலமாகவே உணரப்பட்டு வந்துள்ளது. தொலைபேசியின் சுழல்தட்டிற்குச் சிறு பூட்டொன்றைப் போட்டுவைத்த காலமும் இருந்தது. இன்று அப்பூட்டின் இடத்தினை, நிறுவனத்தின் உள்ளகத் தொலைபேசி அமைப்பிலே எழுதப்படும் சில குறிகள் பெற்றுள்ளன. பூட்டு ஒரு கருவியை மாத்திரமே மூடியது. இக்குறிகளோ ஒரே வரியினால் கோடிக்கணக்கான எண்களை மூடவும் திறக்கவும் வல்லன. அவ்வாற்றலின் இயல்பினையும் அதனால் விளையத்தக்க இடர்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு ‘இலக்கம்’ என்பது 0 முதல் 9 வரையுள்ள தனிக்குறியினையும், ‘எண்’ என்பது அவ்விலக்கங்கள் சேர்ந்தமைந்த முழுத் தொலைபேசி எண்ணினையும் குறிக்கும்.

எண்கோலமும் பொதுக்குறியும்

அழைப்பவர் அழுத்தும் எண்ணை உள்ளகத் தொலைபேசி அமைப்பு தன்னிடமுள்ள எண்கோலங்களுடன் ஒப்பிட்டு நோக்குகின்றது. எக்கோலத்துடன் அவ்வெண் பொருந்துகின்றதோ அக்கோலத்திற்கு விதிக்கப்பட்ட செயலே நிகழும். அச்செயல் அழைப்பினை வெளியே அனுப்புவதாகவும் இருக்கலாம், மறுப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே எழுதுதல் இயலாத காரியமாதலின், சீட்டாட்டத்திலே எச்சீட்டின் இடத்தினையும் நிரப்பவல்ல ஜோக்கரைப் போன்று, எவ்விலக்கத்தின் இடத்திலும் நிற்கவல்ல குறிகள் தேவைப்படுகின்றன. இவற்றையே பொதுக்குறிகள் என்கின்றோம்.

மார்க் ஸ்பென்சர் என்பார் 1999 இல் தொடக்கிய அஸ்டெரிஸ்க் என்னும் திறந்த மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்து 0 முதல் 9 வரையுள்ள ஏதேனும் ஓர் இலக்கத்தையும், ‘இசெட்’ 1 முதல் 9 வரையுள்ளவற்றில் ஒன்றையும், ‘என்’ 2 முதல் 9 வரையுள்ளவற்றில் ஒன்றையும் குறிக்கும். சதுர அடைப்பினுள் எழுதப்படும் இலக்கங்களுள் ஏதேனும் ஒன்று அவ்விடத்தில் வரலாம். முற்றுப்புள்ளி, அதன்பின் வரும் ஒன்றோ பலவோ ஆகிய குறிகள் அனைத்தையும் தன்னுள் அடக்கும்.

முற்றுப்புள்ளியின் தேவை வெளிநாட்டு அழைப்புகளிலேயே பெரிதும் புலனாகும். நாட்டுக் குறி உட்பட உலகத் தொலைபேசி எண் 15 இலக்கங்கள் வரை நீளலாம். ஆயினும் அந்நீளம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எனவே இலங்கையிலிருந்து செல்லும் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்க விரும்புவோர், 00 என்பதை அடுத்து முற்றுப்புள்ளி இட்டு ஒரு கோலம் எழுதினால் அது போதுமானதாகும்.

எக்கோலம் வெல்லும்?

ஓர் எண் ஒன்றுக்கு மேற்பட்ட கோலங்களுடன் பொருந்துதல் இயல்பே. அப்பொழுது எது முன்னர் எழுதப்பட்டதோ அதுவே வெல்லும் எனக் கருதுவோர் பலர். அஸ்டெரிஸ்கைப் பொறுத்தவரை அக்கருத்துத் தவறானது. இடமிருந்து வலமாக நோக்குமிடத்து, கோலங்கள் வேறுபடும் முதலிடத்தில் எது குறுகிய வீச்சினை உடையதோ அதுவே தெரிவுசெய்யப்படும். குறித்த இலக்கம் ‘என்’ என்பதையும், ‘என்’ ‘இசெட்’ என்பதையும், ‘இசெட்’ ‘எக்ஸ்’ என்பதையும் வெல்லும். முற்றுப்புள்ளி இவை யாவற்றுக்கும் பின்னரே வரும்.

இவ்விதிக்கு ஓர் எல்லையுண்டு. அஸ்டெரிஸ்கின் கோலங்கள் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவு பிறிதொன்றைத் தன்னுடன் இணைத்துக்கொள்ளவும் கூடும். முதற்பிரிவிலே பொருந்தும் கோலம் ஏதும் இல்லாதவிடத்து மாத்திரமே இணைக்கப்பட்ட பிரிவு நோக்கப்படும். ஆகவே முதற்பிரிவில் விரிந்த தடைக்கோலம் ஒன்று நிற்குமாயின், இணைப்புப் பிரிவிலே மிகத் துல்லியமாக எழுதப்பட்ட அனுமதியும் பயனற்றதாகிவிடும். தடையை எழுதியவர் ஒருவரும் அனுமதியை எழுதியவர் வேறொருவருமாக இருக்கும் அலுவலகங்களில் இத்தவறு கண்ணுக்குப் புலப்படாது நெடுநாள் மறைந்திருக்கக் கூடும்.

தடுத்தலும் அனுமதித்தலும்

பொதுத் தொலைபேசி ஒன்றிலிருந்து வெளிநாட்டிற்கும் கையடக்கத் தொலைபேசிகளுக்கும் அழைத்தலாகாது என ஓர் அலுவலகம் முடிவு செய்கின்றது எனக் கொள்வோம். இதனை இரு வழிகளில் நிறைவேற்றலாம். முதலாவது, 0 இல் தொடங்கும் யாவற்றையும் திறந்துவிட்டு, 00 இல் தொடங்குவனவற்றையும் 07 இல் தொடங்குவனவற்றையும் தடுத்தல். இரண்டாவது, வேண்டியவற்றை மாத்திரம் அனுமதித்தல்.

இலங்கையின் உள்நாட்டு எண் 0 உட்பட 10 இலக்கங்களைக் கொண்டது. கொழும்பு 011, யாழ்ப்பாணம் 021, கண்டி 081 என்றவாறு இரண்டாம் இலக்கம் ஒருபோதும் 0 ஆவதில்லை. எனவே 0, ‘இசெட்’, அவற்றின்பின் எட்டு ‘எக்ஸ்’ என அனுமதிக்கோலத்தை அமைத்தால் 00 இல் தொடங்கும் எண் அதனுள் நுழைய முடியாது. அதற்கெனத் தனித்தடை வேண்டப்படாது. ஆயினும் இவ்வொரு கோலம் 90 கோடி எண்களுக்கு வாயில் திறக்கின்றது. கையடக்கத் தொலைபேசிகளின் 07 உம் அவற்றுள் அடங்கும். ‘இசெட்’ என்பதற்குப் பதிலாகச் சதுர அடைப்பினுள் 7 ஒழிந்த ஏனைய இலக்கங்களை இடின் அதுவும் நீங்கும். யாழ்ப்பாணத்து எண்களே போதுமெனின் 021 ஐயும் ஏழு ‘எக்ஸ்’ஸையும் எழுதினாற் போதும்.

இவ்விரு வழிகளும் ஒரே பயனைத் தருவனபோலத் தோன்றினும் அவற்றிடையே அடிப்படை வேறுபாடொன்று உண்டு. தடுப்பவர் மறந்துவிட்ட எண் திறந்தே கிடக்கும். அனுமதிப்பவர் மறந்துவிட்ட எண் மூடியே கிடக்கும். முன்னையதன் விளைவு பணவிரயம். அலுவலக அமைப்பினுள் வஞ்சகமாக நுழையும் வெளியார் இரவு வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் தொலைநாட்டு எண்களுக்கு அழைத்துப் பெருங்கட்டணத்தை ஏற்றிவிடுதல் உலகெங்கும் அறியப்பட்ட மோசடியாகும். பின்னையதன் விளைவு, வேண்டிய அழைப்புச் செல்லாமை. இரண்டுக்கும் வட அமெரிக்கா தக்க சான்றுகளைத் தந்துள்ளது.

வட அமெரிக்காவில் வெளிநாட்டு அழைப்பின் முன்குறி 011 ஆகும். அதனைத் தடுத்துவிட்டால் வெளிநாட்டுச் செலவு ஒழிந்தது என அங்குள்ள அலுவலகம் ஒன்று எண்ணக்கூடும். ஆனால் ஜமெய்க்காவின் 876, டொமினிக்கன் குடியரசின் 809 முதலான குறிகள் அதே வட அமெரிக்க எண்திட்டத்துள் அடங்குவன. எனவே, உள்நாட்டுத் தொலைதூர அழைப்புக்கென 1 ஐ அடுத்துப் பத்து இலக்கங்களுக்கு எழுதப்பட்ட பொதுக்கோலத்தில் அக்கரீபியன் நாடுகளும் அடங்கிவிடுகின்றன. அவற்றின் குறிகளைத் தனித்தனியே எழுதித் தடுத்தாலன்றி வழி அடைபடாது.

மறுதலையான தவறு 1995 இல் நிகழ்ந்தது. 1947 இல் வகுக்கப்பட்ட அத்திட்டத்தின்படி பிரதேசக் குறியின் நடு இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ மாத்திரமே இருந்தது. அவ்வழக்கத்தை மாறாத விதியெனக் கொண்டு அலுவலகத் தொலைபேசிகள் பல அமைக்கப்பட்டிருந்தன. 1995 இல் அலபாமாவுக்கு 334 உம் வாஷிங்டன் மாநிலத்துக்கு 360 உம் வழங்கப்பட்டபொழுது, அவ்வமைப்புகள் புதிய எண்களைச் செல்லாதனவெனக் கொண்டு மறுத்தன. அம்மக்களைத் தடுக்கவேண்டுமென எவரும் எண்ணியதில்லை. கோலம் எழுதப்பட்ட காலத்து உலகம் மாறியபின்னும் கோலம் மாறாதிருந்தமையே காரணமாகும்.

அவசர எண்கள்

பணத்தினும் மேலான ஒன்று பறிபோன நிகழ்ச்சி 2013 டிசம்பரில் நேர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரிலே, விடுதி அறையொன்றில் கேரி ஹன்ட் என்னும் பெண் கொலையுண்டார். அவருடைய ஒன்பது வயது மகள் தான் கற்றிருந்தவாறே 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை அழைத்தாள். அவ்விடுதித் தொலைபேசியில் வெளியிணைப்பைப் பெற முதலில் 9 ஐ அழுத்தவேண்டியிருந்தமையால் அழைப்புச் செல்லவில்லை. அங்கே மறுப்பு ஏதும் எழுதப்படவில்லை. வழி எழுதப்படாமையே மறுப்பாயிற்று. இதன் பின்னர் 2018 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கேரி சட்டம், 2020 பெப்ரவரி 16 இன் பின் நிறுவப்படும் பல்லிணைப்புத் தொலைபேசி அமைப்புகள் முன்குறி ஏதுமின்றி 911 ஐ அழைக்க இடமளிக்கவேண்டுமென விதிக்கின்றது.

இப்படிப்பினை நமக்கும் உரியதே. இலங்கையில் பொலிஸ் அவசர சேவைக்கு 119 உம், 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் வடக்கு உட்பட ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த ‘சுவசெரிய’ நோயாளர் காவுவண்டிச் சேவைக்கு 1990 உம் உரியன. ஓர் அலுவலகம் தன் உள்ளக எண்களை 1000 முதல் 1999 வரை வகுத்து, 1 ஐ அடுத்து மூன்று ‘எக்ஸ்’ எனக் கோலம் எழுதிவிட்டதாகக் கொள்வோம். மயங்கி வீழ்ந்த ஊழியருக்காக ஒருவர் 1990 ஐ அழுத்தினால், அவ்வழைப்பு வெளியே செல்லாது. உள்ளக எண்ணாகவே கொள்ளப்படும். 119 ஐ அழுத்தினாலோ, நான்காம் இலக்கம் வருமென அமைப்புச் சிறிது நேரம் காத்திருக்கக்கூடும். விநாடிகள் பெறுமதி மிக்க வேளையில் இத்தாமதமும் தீங்கே.

இதனைத் தவிர்த்தல் அரிதன்று. உள்ளக எண்களை 1 இல் தொடங்காது வகுத்தல் வேண்டும். 119, 1990 ஆகியவற்றைப் பொதுக்குறியின்றி முழுமையாக, ஒவ்வொரு தொலைபேசியும் முதலில் நோக்கும் பிரிவிலேயே எழுதுதல் வேண்டும். வெளியிணைப்புக்கு 9 வழங்குமாயின் அம்முன்குறியுடனும் அஃதின்றியும் இரு வகையாகவும் எழுதுதல் நன்று. ஓர் எண் எக்கோலத்தில் அகப்படும் என்பதை அழைக்காமலேயே காட்டும் கட்டளை அஸ்டெரிஸ்கில் உண்டாதலின், மாற்றம் செய்யப்படும் ஒவ்வொரு முறையும் அவசர எண்களை அவ்வாறு சோதித்தறிதல் எளிது. தடுக்கப்பட்ட அழைப்பு வெறும் மௌனத்தில் முடியாது, அது தடுக்கப்பட்டது என்பதை அழைப்பவருக்குக் குரல்வழி அறிவிப்பதும் முறையாகும்.

பொதுக்குறியின் பயன் அதன் விரிவிலேயே தங்கியுள்ளது. அதன் இடரும் அவ்விரிவிலிருந்தே பிறக்கின்றது. எழுதுபவர் மனத்திலுள்ள எண்களோடு அவர் நினையாத எண்களையும், இனிமேல் தோன்றப்போகும் எண்களையும் அது தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. ஆதலின் அனுமதியைக் குறுக்கமாக எழுதுதலும், அவசர எண்களை முதலில் எழுதுதலும், எண்திட்டம் மாறுந்தோறும் கோலங்களை மீள நோக்குதலும் அலுவலகத் தொலைபேசியைப் பொறுப்பேற்றோரின் கடமைகளாகும். கட்டணத்தைக் காப்பதற்கென இடும் பூட்டு உயிர்காக்கும் வாயிலில் விழாதிருத்தல் வேண்டும்.