காரில் பாட்டு கரகரக்கிறதா? முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்!

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். திண்டிவனம் வரை எல்லோரும் பேசிக்கொண்டு வருவார்கள். செஞ்சிக் கோட்டை கண்ணில் படும் நேரத்தில் பேச்சு ஓய்ந்து, யாராவது ஒருவர் பாட்டுப் போடச் சொல்வார். பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கேட்காது. 'கொஞ்சம் கூட்டி வைப்பா' என்பார்கள். கூட்டினால் பாடகர் குரல் கீச்சிடும், கதவு அதிரும், குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும். கடைசியில், 'அதை ஆஃப் பண்ணிட்டு நிம்மதியா ஓட்டு' என்பதில் வந்து முடியும்.

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். ஏழு வயதான சின்ன கார். கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ, கம்பெனி கொடுத்த நான்கு ஸ்பீக்கர்கள். அம்மாவுக்குத் திருப்புகழ் கேட்க வேண்டும். அருணகிரிநாதர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் அதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. ஆனால், காரில் போட்டால் சந்தமும் புரியாது, சொல்லும் புரியாது.

ஒருநாள் வீம்புக்குக் கடைக்குப் போய், டிக்கியை அடைத்துக்கொள்ளும் பெரிய வூஃபர் பெட்டியும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டியே குலுங்கியது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த அம்மா, "இது என்னடா, பாட்டா சண்டையா?" என்றார். பாடுகிறவரின் குரல் முன்னைவிட மோசமாகப் புதைந்துபோயிருந்தது. பத்தாம் நாள் செங்கம் சாலையில் போகும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. பானெட்டைத் திறந்தால், பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி, மேல் உறை உருகத் தொடங்கியிருந்தது. அந்த ஒயரில் ஃபியூஸே போடப்படவில்லை. பின் சீட்டில் அம்மாவும் என் மகளும் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். காரின் ஒலியை மேம்படுத்த நினைக்கும் புதியவர்களுக்கு, எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் முக்கியம். பலரும் நான் செய்ததைப் போலக் கடைசி வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள்.

காசில்லாத வேலை முதலில்

கடைக்குப் போகும் முன் ஒரு அரை மணி நேரம் காரிலேயே உட்காருங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில், அதாவது பூஜ்யத்தில் வையுங்கள். சின்ன ஸ்பீக்கரில் பாஸை முழுக்க ஏற்றினால், அதனால் தாங்க முடியாமல் கரகரக்கும். பாதிப் பேருக்குப் பிரச்னையே இதுதான்.

அடுத்து, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பாட்டு, பலமுறை சுருக்கப்பட்டு சத்திழந்திருக்கும். பாட்டு ஆப்களில் டேட்டாவை மிச்சப்படுத்த ஒலித்தரத்தைக் குறைத்து வைத்திருப்போம். செட்டிங்ஸில் போய் அதை உயர்த்துங்கள். ப்ளூடூத்தில் கேட்பவர்கள் செல்போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஸ்டீரியோவில் செய்யுங்கள். நல்ல தரமான பாட்டு ஒன்றை யு.எஸ்.பி.யில் ஏற்றியும் கேட்டுப் பாருங்கள். அதில் தெளிவாக இருந்தால் உங்கள் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை.

கதவைத் தட்டுங்கள்

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. மெல்லிய தகடு, உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் வெற்றிடம், ஆங்காங்கே ஓட்டைகள். முன் கதவின் வெளிப்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். தகர டப்பா போல 'டங்' என்றால், பாட்டு ஓடும்போதும் அந்தத் தகடு தன் பங்குக்குப் பாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளரும். கதவின் ஓட்டைகள் வழியாக இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அப்படி முதலில் காணாமல் போவது பாஸ்தான். மிருதங்கத்தில் வலந்தலை கேட்டு, தொப்பி கேட்காமல் போவது இதனால்தான்.

இதற்கு மருந்து டேம்பிங் ஷீட். ஒருபக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் ஒட்டும் பியூட்டைல் ரப்பரும் கொண்ட தடித்த விரிப்பு. கதவின் உள் அட்டையைக் கழற்றி, வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், பெரிய வெற்றுப் பரப்பின் நடுவிலும் ஒட்டினாலே அதிர்வு வெகுவாக அடங்கும். பிறகு உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடலாம். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தவறியும் அடைக்காதீர்கள். கதவு துருப்பிடித்துவிடும். ஸ்பீக்கரையே மாற்றாமல் இதை மட்டும் செய்து திருப்தியடைந்தவர்கள் உண்டு. சாலை இரைச்சலும் ஓரளவு குறையும் என்பது கூடுதல் லாபம்.

ஸ்பீக்கர்: பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள்

கம்பெனி ஸ்பீக்கர் பெரும்பாலும் காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும் கொண்டது. முன் கதவு ஜோடியை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். பல கார்களில் அது 6.5 அங்குலம். சிலவற்றில் அதைவிடச் சிறியது. விட்டத்தோடு ஆழத்தையும் அளக்க வேண்டும். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும்.

இரண்டு வகை உண்டு. நடுவிலேயே ட்வீட்டர் பொருத்தப்பட்டது கோஆக்சியல். ட்வீட்டர் தனியாக, மேலே காதுக்குப் பக்கத்தில் வைக்கும்படி வருவது காம்போனென்ட். புதியவர்களுக்குக் கோஆக்சியல் எளிது. ஏற்கெனவே கண்ணாடி அருகே ட்வீட்டருக்கு இடம் இருக்கும் கார் என்றால் காம்போனென்ட் நல்லது. பாடகரின் குரல் முழங்காலுக்குக் கீழேயிருந்து வராமல், முகத்துக்கு நேரே வரும்.

பெட்டியில் '300 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்சம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண். தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை அதுதான் சொல்லும். ஸ்டீரியோவிலும் இதே கதை. '4 x 50' என்று எழுதியிருந்தாலும், தொடர்ச்சியாக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 20 வாட்ஸ்தான்.

அதனால், ஆம்ப் இல்லாமல் கேட்கப்போகிறவர்கள் 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைத் தேடுங்கள். 90 டெசிபலும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. ஒரு ஸ்பீக்கருக்கு அது 3 டெசிபல் கூடுதல் என்றால், ஆம்ப் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அந்த மிச்சம் உங்கள் பையில். அதேபோல ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் அதற்காகவே செய்யப்படுகின்றன.

மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் நேராகவும் இன்னொரு பக்கம் தலைகீழாகவும் இணைத்துவிட்டால், ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். பாஸ் மாயமாகிவிடும். புது ஸ்பீக்கரும் சரியில்லை என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால், மாட்டும் முன் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் என்றால் கூம்பு வெளியே வரும்.

ஸ்டீரியோவை மாற்றலாமா?

பழைய காரில் இது சுலபம். இப்போதைய கார்களில் அந்தத் திரைக்குள்ளேயே ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், சிலவற்றில் ஏ.சி. கட்டுப்பாடு எல்லாம் இருக்கின்றன. அதைக் கழற்றினால் பத்து வேலை வரும். அப்படிப்பட்ட காரில் திரையைத் தொடாமல், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்பைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

எதை மாட்டினாலும் ஒயரை வெட்டாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கேற்ற கப்ளர் கடைகளில் கிடைக்கும். ஒரு பக்கம் கம்பெனி சாக்கெட், மறுபக்கம் புதுப் பொருள். நாளைக்குக் காரை விற்கும்போது பழையபடி மாட்டிவிடலாம். வாரன்ட்டி இருக்கும் காரில் ஒயரை வெட்டி ஒட்டினால், மின்சாரப் பழுதுக்குப் பொறுப்பேற்க சர்வீஸ் சென்டர் மறுக்கலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆம்ப் மாட்டுகிறீர்களா? இந்த நான்கையும் கண்ணால் பாருங்கள்

'12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே' என்ற அலட்சியம் வேண்டாம். ஷாக் இங்கே ஆபத்தில்லை, சூடுதான் ஆபத்து. பேட்டரியிலிருந்து வரும் ஒயர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சில நொடிகளில் உறை எரியத் தொடங்கும்.

* ஃபியூஸ்: பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது ஆம்பைத்தான் காக்கும். இடையில் ஓடும் நீண்ட ஒயரைக் காப்பது பேட்டரி அருகே உள்ள ஃபியூஸ்தான்.
* ஒயர்: முழுச் செம்பு ஒயராகக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரும் சந்தையில் உண்டு. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.
* ரப்பர் வளையம்: இன்ஜின் பக்கத்திலிருந்து தகட்டின் துளை வழியாக ஒயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். என் காரில் இல்லாமல் போனது இதுவும்தான்.
* எர்த்: பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில், குட்டையான ஒயரால் இறுக்கமாகப் போட வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாட்டோடு சேர்ந்து 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்கும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை யாரும் தொடக் கூடாது. முன்கண்ணாடி ஓரத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார்களில், அதன் குறுக்கே ட்வீட்டர் ஒயரைக் கொண்டுபோகவும் கூடாது.

காதும் ஊரும்

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் 3 டெசிபல் கூடினால், பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். நல்ல ஸ்பீக்கரின் பெருமை அதிகச் சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில், குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்பதுதான் அதன் பெருமை. ஆம்புலன்ஸ் சைரனும், பக்கத்து வண்டியின் ஹாரனும் காதில் விழ வேண்டுமல்லவா?

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திய கார்களுக்குள் டிரைவர்கள் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார்கள். அங்கே வந்து கதவைத் திறந்துவைத்து வூஃபரை அதிரவிடுவது பக்தி ஆகாது.

நடுவிலிருந்து குரல் வருகிறதா?

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை. தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1978-ல் வந்த 'பிரியா'. அதற்கு முந்தைய பாடல்கள் பெரும்பாலும் மோனோ. அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. அப்படி ஒரு பழைய பாட்டைப் போட்டு, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தலையை வைத்துக் கேளுங்கள். குரல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து வந்தால் வேலை சரி. திட்டமான இடமில்லாமல் கலங்கலாகக் கேட்டால், பிளஸ் மைனஸை மறுபடி பாருங்கள்.

டிரைவர் சீட்டில் மட்டும் குரல் வலப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால் அதன் ஒலி ஓரிரு மில்லி செகண்ட் முந்திவிடுகிறது. 'டைம் அலைன்மென்ட்' வசதி உள்ள ஸ்டீரியோவில் இதையும் சரிசெய்யலாம்.

எங்கள் காரில் இப்போது வூஃபர் பெட்டி இல்லை. டிக்கியில் பழையபடி அரிசி மூட்டை ஏறுகிறது. முன் கதவுகளில் டேம்பிங் ஷீட், ஒரு ஜோடி கோஆக்சியல், அவ்வளவுதான். முதலில் வீணாக்கிய காசில் பாதிகூட ஆகவில்லை. போன வாரம் போளூர் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வால்யூம் முன்பு வைப்பதில் பாதிதான். பின் சீட்டிலிருந்து அம்மா திருப்புகழோடு சேர்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இத்தனை நாளா அந்த வார்த்தையைத் தப்பாப் பாடிட்டு இருந்திருக்கேன்டா" என்றார்.