கைக்குள் அடங்கும் சரக்கு எஞ்சின்

1939இல் அமெரிக்காவில் சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டது எஃப்டி என்னும் டீசல் சரக்கு எஞ்சின். நான்கு அலகுகள் இணைந்து 5,400 குதிரைத்திறன்! ஏறத்தாழ ஓராண்டில் 80,000 மைலுக்கும் மேல் ஓடி, நீராவி எஞ்சின்களின் காலம் முடியப்போவதை அது காட்டிவிட்டது.

மாதிரி ரயில்களுக்கான ஹெச்ஓ என்னும் அளவில் செய்யப்படும் அதன் மாதிரி, அசலில் 87இல் ஒரு பங்கு. 1,435 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளி இங்கே 16.5 மில்லிமீட்டர்.

மாதிரியின் தரத்தைப் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். நெருக்கமாக வரிசைகட்டிய நான்கு வட்டச் சாளரங்கள்தான் எஃப்டியின் அடையாளம். அவை இடம் பிசகினால் முகமே மாறிவிடும். புகைபோக்கிகளைச் சுற்றிக் கரிநிறப் பொடி தடவி, சக்கரச் சட்டங்களில் துருநிறம் ஏற்றும் கலைஞர்களின் பொறுமை வியக்கவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுமை இழுத்த எஞ்சின் அப்படித்தானே இருந்திருக்கும்.