கொடிக்கால் நிலத்தின் கிரயம்

காவிரியின் இடக்கரையில், ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து புறப்படும் ராஜவாய்க்காலும் அதனைச் சேர்ந்த கொமாராபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் நனைத்துச் செல்லும் நஞ்சையில், பொத்தனூர், பாண்டமங்கலம், அனிச்சம்பாளையம், குப்பிச்சிபாளையம், பாலப்பட்டி என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில், அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடி படர்ந்து நிற்பதைக் காண்கிறவர், இத்தனை பிரசித்தி பெற்ற பயிர் விளையும் பூமிக்கு விலையும் அந்தப் பிரசித்தியாலேயே ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது இயல்புதான். நினைப்பில் பாதி சரி. விலை ஏறித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வெற்றிலை பெரிய காரணமன்று. ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால் நிலம் வாங்க வருகிறவர், தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறியாமலே பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு பயிரின் கீர்த்தி மண்ணின் விலையில் போய் உட்காருவதற்கு உலகத்தில் மிகத் தெளிவான உதாரணம் பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிச் சீமையின் திராட்சைத் தோட்டங்கள். அங்கே 1935-ல் ஏற்பட்ட சட்டத்தின் வழியாக, இன்ன எல்லைக்குள் விளைந்த திராட்சையிலிருந்து வடித்த ஒயினுக்கே இன்ன பெயர் என்று வரையறுத்துவிட்டார்கள். ஆகவே பெயர் என்பது வியாபாரியிடமோ உழவனிடமோ இல்லாமல், வரப்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரொமானே கொந்தி என்ற தோட்டத்தின் பரப்பு 1.8 ஹெக்டேர்தான், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ நாலரை ஏக்கர். அந்த வரப்பைத் தாண்டி ஓரடி தள்ளி விளைந்த பழத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. க்ளோ த தார் என்ற மற்றொரு தோட்டம், 1141-ல் கன்னிமாடம் ஒன்றின் வசமாகி, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1791-ல் விற்கப்பட்டு, 1932-ல் மீண்டும் கைமாறி, 2017-ல் பினோ குடும்பத்தின் நிறுவனத்துக்குப் போயிற்று; எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அதற்கு நான்கே உடைமைக்காரர்கள். இப்படிப்பட்ட முதல்தர நிலங்களின் சராசரி விலை ஹெக்டேருக்கு 60 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாதபடி, விற்பனைக்கு வரும் விவசாய நிலத்தைத் தானே முந்தி வாங்கும் உரிமை படைத்த சஃபேர் என்னும் அமைப்பையும் 1960களில் அந்நாட்டார் உண்டாக்கினார்கள். அது எந்த அளவுக்குப் பலித்தது என்பது வேறு விஷயம்.

நம் ஆற்றங்கரைக்கு வருவோம். இங்கே பெயர் வரப்புக்குள் இல்லை, சந்தையில் இருக்கிறது. நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்ற கணக்கில் வேலூர் ஏலத்துக்கு வரும் வெள்ளைக்கொடியும் கற்பூரியும், எந்தக் காணியில் கிள்ளியது என்று யாரும் கேட்காமலே விலை போகின்றன. இளங்கொடியின் இலையா, முதிர்ந்த கொடியின் இலையா, கறை உண்டா, காம்பு வாடியிருக்கிறதா என்று பார்ப்பார்களே அன்றி, சர்வே எண்ணைப் பார்ப்பாரில்லை. ஆத்தூர் வெற்றிலைக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், அது ஒரு வட்டாரத்துக்குப் பொதுவான பெருமையாகவே வந்தது; எந்தத் தனி வயலையும் அது உயர்த்தவில்லை.

இதற்கு அடிப்படைக் காரணம் பயிரின் சுபாவத்திலேயே இருக்கிறது. திராட்சைக் கொடி ஒரே குழியில் ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் நின்று காய்க்கும். வயது ஏற ஏற அதன் ஒயினுக்கு மதிப்பு என்றுகூடச் சொல்வார்கள். வெற்றிலைக் கொடியோ இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. அதற்குள் வேர் வாடல் நோய் மண்ணில் ஊறிவிடுவதால், கொடியை எடுத்துவிட்டு வாழையோ நெல்லோ கரும்போ போட்டு, சில ஆண்டுகள் பூமியை ஆறவிட்ட பிறகே மறுபடி அகத்தி விதைக்க முடியும். ஆகையால் இன்று கொடிக்காலாக நிற்கும் காணி, வாங்கியவர் குடிவந்து நிலைப்பதற்குள் வாழைத்தோட்டமாகிவிடலாம். அந்த வாடலுக்கு மருந்தாக நம் விவசாயி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து வேரில் ஊற்றுகிறாரே, அந்தப் போர்டோ கலவை 1885-ல் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் போர்டோச் சீமைத் திராட்சைக்காக வெளியிட்டதுதான். இரண்டு கொடிக்கும் இருக்கும் பிரத்தியட்சமான உறவு அந்த நீலத் தண்ணீர் ஒன்றே.

அப்படியானால் விலை எதற்கு? தண்ணீருக்கு. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இந்த வாய்க்கால், 1934-ல் மேட்டூர் அணை எழும்புவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரையை நஞ்சையாக்கிவிட்டது. பத்து மைல் வடக்கே போனால் நாமக்கல் புஞ்சை. கிணற்றில் பாதி, மோட்டாரில் பாதி, வாரத்தில் இத்தனை நாள் முறை என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மரவள்ளியையும் நிலக்கடலையையும் நம்பியிருக்கும் பூமி அது. வெற்றிலை பயிரிடுகிறவருக்கு அந்த முறைத் தண்ணீர் போதாது. கொடிக்குத் தண்ணீர் அடிக்கடி வேண்டும், ஆனால் ஒரு நாளும் தேங்கக் கூடாது. பாத்திக்கு நடுவில் முழங்காலளவு வாய்க்கால் எடுத்து அதில் தண்ணீரை நிறுத்தி, மிகையானதை வடியவிடுவது அதனால்தான். எனவே நிலம் பார்க்கப் போகிறவர் தண்ணீர் வரும் மடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அது வெளியேறும் வடிகால் யாருடைய காணி வழியாகப் போகிறது, அந்தக் காணிக்காரர் அதை மண் தள்ளி அடைத்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். வெயில் நாளில் தரகர் காட்டும் நிலம் எல்லாமே நல்ல நிலம்தான்.

தலைமடை, கடைமடை வித்தியாசம் விலையில் தெரியும், பத்திரத்தில் தெரியாது. பத்திரத்தில் செக்குபந்தி நான்கு திக்கும் எழுதியபின், மாமூல் தட வழிப் பாத்தியமும் வாய்க்கால் தண்ணீர்ப் பாத்தியமும் சேர்ந்தது என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில்தான் பாதி நிலம் அடங்கியிருக்கிறது என்பேன். தடம் எத்தனை அடி அகலம், மாட்டுவண்டித் தடமா, டிராக்டர் போகுமா, எந்த சர்வே எண்ணில் எந்த ஓரமாக வருகிறது என்று விவரித்து எழுதச் சொல்ல வேண்டும். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டு தடையின்றி அநுபவித்த பாதைக்கும் நீருக்கும் உரிமை தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இருபதாண்டை நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்கு மேலும் பத்தாண்டு ஆகிவிடுகிறது.

மற்ற ஆவணங்கள் எல்லா நிலத்துக்கும் பொதுவானவை: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல், புலப்படம். பட்டாவில் 0.40.5 ஹெக்டேர் என்றிருப்பதை ஊரில் ஓர் ஏக்கர் என்பார்கள். ஆற்றங்கரைக் கிராமங்களில் கோயில் நிலம் கலந்து கிடப்பது சகஜமாதலால் அதில் மாத்திரம் தனி ஜாக்கிரதை வேண்டும். அறநிலையத் துறை ஆணையரின் அநுமதி இல்லாமல் அதை விற்ற கிரயம் 1959-ஆம் வருஷத்துச் சட்டப்படி செல்லாது. அடுத்தபடி, பெண்மக்களின் கையெழுத்து. பர்கண்டியில் 1804-ஆம் வருஷத்து நெப்போலியன் சட்டம் மக்கள் எல்லாருக்கும் சமபாகம் என்று விதித்ததன் விளைவாக, 50 ஹெக்டேர் கொண்ட க்ளோ த வூஜோ தோட்டம் இன்று எண்பது பேர் வரை உள்ள பங்காளிகளிடம் சிதறியிருக்கிறது. இங்கே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 1989-ல் மாநிலச் சட்டத்தாலும், 2005-ல் மத்தியச் சட்டத்தாலும் வந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற பூர்வீக நிலத்தை வாங்கியவர், கட்டிக்கொடுத்த பெண் பிற்பாடு வழக்குப் போடும்போது அவளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வாங்குவதற்கு யாருக்குத் தகுதி என்ற கேள்வியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதார் விளைநிலம் வாங்குவது அரிது. நாசிக்கில் ஒயின் நிறுவனங்கள் பெரும்பாலும் உழவர்களோடு ஒப்பந்தம் செய்து பழத்தை வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். தமிழ்நாட்டில் அந்தத் தடை கிடையாது. சேலத்து வெள்ளி வியாபாரியும் திருச்செங்கோட்டு லாரிக்காரரும் தாராளமாக வாங்கலாம், உச்சவரம்புக்கு உட்பட்டு. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் மட்டும், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். செலவைப் பொறுத்தவரை, 2023 முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதம், மாற்றுத் தீர்வை 2 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், ஆக 9 சதம்.

ஆனால் கொடிக்கால் விஷயத்தில் கிரயத்தைவிடக் குத்தகைதான் நடைமுறை. கொடியே இடம் பெயர்வதால் கொடிக்காரரும் அதன் பின்னால் காணிக்குக் காணி பெயர்கிறார். நிலம் ஒருவருடையது, தொழில் இன்னொருவருடையது. இங்கேதான் சட்டமும் பயிரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். கொடியோ மூன்றாண்டுப் பயிர். உடலுழைப்பால் பயிரிடும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பாதுகாப்புக்கு அஞ்சியே நிலக்காரர் எழுத்தில் எதையும் கொடுக்க மறுக்கிறார். ஏழைக்காக ஏற்பட்ட சட்டம், அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செய்துவிட்டது என்றால் அது மிகையன்று. வாய்ச்சொல்லில் நடக்கிறது எல்லாம்.

விலைக்கு வாங்குகிறவருக்கு இதனால் நேரும் சங்கடம் ஒன்று உண்டு. அடங்கலில் நிலக்காரர் பெயர் இருக்கும். வயலில் வேறொருவர் கொடி இறக்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் நேரில் பேசாமல் முன்பணம் கொடுப்பது கூடாது. கொடி நின்றால் அதன் பலன் யாருக்கு, எந்த மாதத்தோடு கடைசிக் கிள்ளல், அகத்தி மரம் ஆட்டுத்தழைக்கு யாரைச் சேரும், கொடியை எடுத்தபின் பாத்தியை மட்டம் செய்து கொடுப்பது யார் பொறுப்பு என்பவற்றை மூவரும் உட்கார்ந்து பேசி, கிரய உடன்படிக்கையிலேயே தேதி போட்டு எழுதி, குத்தகைக்காரரையும் சாட்சியாக அதில் கையெழுத்திடச் செய்துவிட்டால், பத்திரப்பதிவு அன்று வேலூர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பேசுவதற்குப் பணத்தைத் தவிர வேறொன்றும் மீதியிராது.