இன்ஸ்டால் ஆகியும் இம்போர்ட் ஆகலையா?

பேச்சிப்பாறை என்ற பெயரில் எத்தனை எழுத்து? பே, ச், சி, ப், பா, றை: ஆறு. பைத்தானிடம் கேட்டால் 12 என்கிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ஆறு என்று சரியாக எண்ண 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச மாட்யூல் இருக்கிறது. தமிழில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்குக் கைகொடுக்கும்.

அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் உண்டு. அண்ணன் படித்த லேப்டாப்பில் தங்கை தனி லாகின் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் லாகினில் மாட்யூல் ஓடுகிறது. தங்கை ஓட்டினால் 'அப்படியொரு மாட்யூலே இல்லை' என்கிறது. என்னவாக்கும் கோளாறு?

கோளாறு மாட்யூலில் இல்லை, உரிமையில். பொது ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாதபோது, 'பிப்' மாட்யூலை அண்ணனின் சொந்த ஃபோல்டரில் போட்டுவிடும். தங்கையின் பைத்தான் அங்கே தேடவே தேடாது.

சரி, 'சூடோ' போட்டு எல்லோருக்கும் பொதுவாக நிறுவலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். நிறுவியவரின் அனுமதி அமைப்பு கெடுபிடியாக இருந்தால், ஃபைல்களை ரூட் மட்டுமே படிக்க முடியும். ஃபைல் மட்டும் பூட்டியிருந்தால் 'அனுமதி மறுப்பு, எண் 13' என்று பைத்தான் நேராகச் சொல்லும். ஃபோல்டரே பூட்டியிருந்தால் அனுமதி என்ற பேச்சே வராது. உள்ளே கேட்ட பகுதி இல்லை என்று மட்டும் வரும். பலர் இங்கேதான் ஏமாந்து, திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள்.

முதலில் 'ஹூஅம்ஐ' கட்டளையால் எந்த லாகினில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு மாட்யூலை நிறுவிய லாகினில் 'பிப் ஷோ' கொடுங்கள். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும்.

அவசரத்தில் எல்லோருக்கும் 777 அனுமதி கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கணினியில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் மாட்யூலை மாற்றி எழுதலாம். அடுத்த முறை நீங்கள் இம்போர்ட் செய்யும்போது அவர்கள் எழுதியது உங்கள் உரிமையோடு ஓடும். அதைவிட, 'வென்வ்' மூலம் புராஜெக்டுக்கென்று தனி அறை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். சூடோ தேவையே இல்லை. பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனே 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, பொது இடத்தில் பிப் போட்டால் மறுத்து, இந்த வழியைத்தான் காட்டுகிறது.

லேப்டாப் இல்லாமல் போனிலேயே பழகுகிறீர்களா? ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் ஒரு தனிப் பயனர். பைட்ராய்டில் நிறுவியது டெர்மக்ஸுக்குத் தெரியாது. இரண்டிலும் தனித்தனியாகத்தான் நிறுவணும். டெர்மக்ஸில் வென்வ் அறையை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அங்கிருந்து புரோகிராம்களை ஓட்ட ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. டெர்மக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரில் வைத்தால் ஓடும்.