மணிக்கட்டு எக்ஸ்ரேயில் பிறந்த தேதி இருக்கிறதா?

விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்குகிறது. வாசகர் கடிதங்களும் குவிகின்றன. வெள்ளிமலைப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தன் மாணவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பையன் நன்றாக ஓடுகிறானாம். ஆனால் அவனுடைய பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த அன்று குத்துமதிப்பாகப் போட்டது. இனி ஏஐ எலும்பைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடும் என்கிறார்களே, அனுப்பினால் மோசடி என்று ஆகிவிடாதா என்று கேட்கிறார். சின்னசேலம் வாசகிக்கு நேர் எதிரான கவலை. மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான், பிறப்புச் சான்றிதழ் பக்காவாக இருக்கிறது, ஆனால் பார்ப்பவர்கள் எல்லாம் பதினைந்து என்கிறார்கள். இயந்திரமும் அப்படியே சொல்லிவிட்டால்?

விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மூன்று சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்துபோனதால் வந்த குழப்பம் இது. விடுதிச் சேர்க்கை தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வேலை. 'கீர்த்தி' என்பது மத்திய அரசின் கேலோ இந்தியா குடையின் கீழ் வரும் திறனறித் திட்டம். எலும்பு வயதுச் சோதனை வந்ததோ, வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் போட்டிகளில் ஆடுபவர்களைப் பிடிப்பதற்காக.

'கீர்த்தி' என்னதான் செய்கிறது?

2024 மார்ச் 12 அன்று சண்டிகரில் தொடங்கினார்கள். 9 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓராண்டில் 20 லட்சம் மதிப்பீடுகள் நடத்துவது இலக்கு என்றார்கள். செயற்கை நுண்ணறிவு நாளைய வீரரை இன்றே கண்டுபிடித்துவிடும் என்பது அறிவிப்புகளின் மொழி. அலங்காரத்தை எடுத்துவிட்டால், இப்படிப்பட்ட எந்தத் திட்டத்திலும் நடப்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளை ஓடிய நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் அதே வயதுப் பிள்ளைகளின் எண்களோடு ஒப்பிட்டு வரிசையில் நிறுத்துவது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் இன்டெல் நிறுவனமும் 2024-இல் செனகல் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை அளந்தபோதும் சாராம்சம் இதுதான். 'அதே வயது' என்பது எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அங்கேதான் எல்லாமே தொங்குகிறது.

எலும்பு எப்படி வயது சொல்கிறது?

வளரும் பிள்ளையின் கை எலும்புகளின் முனையில் குருத்தெலும்பு இருக்கும். அது மெல்ல மெல்ல எலும்பாக மாறி, கடைசியில் தண்டோடு ஒட்டிவிடும். இடது கையை எக்ஸ்ரே எடுத்தால் இந்தப் பயணத்தில் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். கிரிக்கெட் வாரியம் பயன்படுத்தும் டிடபிள்யூ3 முறையில் 13 எலும்புகளுக்கு மதிப்பெண் போடுவார்கள். முன்கையில் இரண்டு, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் வரிசைகளில் பதினொன்று. கூட்டுத்தொகை 1000 என்றால் முழு முதிர்ச்சி. அட்டவணைப்படி அது பையனுக்கு 16.5 வயது, பெண்ணுக்கு 15. அதற்கு மேல் எலும்பு வாய் திறக்காது. அதனால்தான் வாரியம் இந்தச் சோதனையை 16 வயதுக்குட்பட்ட பையன்களோடும் 15 வயதுக்குட்பட்ட பெண்களோடும் நிறுத்திக்கொள்கிறது.

2025 மார்ச்சில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான வரைவு விதிகளை வெளியிட்டது. டிடபிள்யூ3, எம்ஆர்ஐ ஆகியவற்றோடு, ஏஐ வழியாக எலும்பை மதிப்பிடுவதும் முன்னோட்டமாக நடக்கும் என்றது. துல்லியம் கூடும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

எதற்குத் துல்லியம் என்று நாம் கேட்க வேண்டும். 2017-இல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. அமெரிக்காவின் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து 14,000-க்கும் மேற்பட்ட கை எக்ஸ்ரேக்களைத் திரட்டி, வயதைக் கணிக்கும் நிரல்களை மோதவிட்டார்கள். வென்ற நிரலின் சராசரிப் பிழை நான்கு மாதங்களுக்குச் சற்று மேல். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்குக் கொடுத்த விடைத்தாளில் இருந்தது அந்தப் பிள்ளைகள் பிறந்த தேதி அல்ல. எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்கள் கணித்த எலும்பு வயது. மருத்துவர் என்ன சொல்வார் என்று சொல்லக் கற்றுக்கொண்டது இயந்திரம். நான்கு மாதம் என்பது இயந்திரத்துக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தூரம். மருத்துவரின் கணிப்புக்கும் பிள்ளையின் உண்மையான வயதுக்கும் இடையே உள்ள தூரம் தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது.

அந்தத் தூரம் சிறியதல்ல. வளரிளம் பருவத்தில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிடையிலேயே எலும்பு வயது, பிறந்த தேதிப்படியான வயதிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு முன்னும் பின்னும் நிற்பது சகஜம். பத்துக்கு மூன்று பேர் ஓராண்டையும் தாண்டி விலகியிருப்பார்கள். அந்த மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த கிரூலிக்–பைல் படத்தொகுப்போ 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வாழ்ந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கைகளை வைத்து உருவானது. நம் உச்ச நீதிமன்றம் 1982-இல் ஜெயமாலா வழக்கிலேயே, எக்ஸ்ரே வழியாகக் கணிக்கும் வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிழை வரலாம் என்று சொல்லிவிட்டது. ஏஐ வந்து இதில் ஒரு மாதத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே எக்ஸ்ரேக்கு சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் ஒரே பதில் வரும். இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை, சிபாரிசும் செல்லாது.

அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள், வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லித்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கை எட்டினால் ஐந்து வயது. அதுவும் வளர்ச்சியைத்தான் அளந்தது, வயதை அல்ல. ஆனால் கை எட்டாத பிள்ளையை யாரும் மோசடிக்காரன் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் வா என்றார்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு என்று கல்வராயன் மலை ஊர்களில் வீட்டிலேயே பிறந்து, பதிவாகாமல் போன பிறப்புகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதியைப் பள்ளிக்கூடம்தான் போட்டிருக்கும். வரைவு விதிகளின்படி முதல் தப்புக்கு இரண்டு ஆண்டுத் தடை, பதக்கம் பறிப்பு; இரண்டாம் தப்புக்கு ஆயுள் தடை, போலீஸ் வழக்கு. தேதி போட்டவர் பேனா, தண்டனை ஓடியவனுக்கு.

ஆனால் நடைமுறையில் கதை தலைகீழாகவும் போகலாம். சத்துக்குறைவும் நாள்பட்ட நோயும் எலும்பு முதிர்வதைத் தாமதப்படுத்தும். ஆகவே காகிதத்தில் வயது தப்பாக உள்ள மலைப் பையன் இயந்திரத்திடம் தேறிவிடக்கூடும். சீக்கிரம் பருவமடைந்த சின்னசேலத்துப் பெண்ணோ, சான்றிதழ் சுத்தமாக இருந்தும் மாட்டிக்கொள்ளக்கூடும். எனக்கு உறுத்துவது இதுதான்.

தேறிய பையனும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். 'கீர்த்தி' போன்ற திறனறிச் சோதனையில் அவன் நிற்பது, காகிதப்படி சமவயதுள்ள, ஆனால் உடல் முன்கூட்டியே முதிர்ந்த பையன்களோடு. பதின்மூன்று வயதில் அவர்கள் வேகமாக ஓடுவார்கள், தூரமாக எறிவார்கள். வரிசையில் இவன் கீழே போவான். இவன் பதினேழு வயதில் எப்படி ஓடுவான் என்று அந்த எண்களுக்குத் தெரியாது. பிடிப்பதற்காக எடுக்கிற எலும்பு வயது உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். இங்கிலாந்துக் கால்பந்துப் பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகளைப் பிறந்த தேதிப்படி மட்டுமல்லாமல், உடல் முதிர்ச்சிப்படியும் அணி பிரித்து ஆடவிடுகிறார்கள். அதற்கு எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. பிள்ளையின் உயரம், எடை, அப்பா அம்மாவின் உயரம் ஆகியவற்றை வைத்தே, வளரவேண்டிய உயரத்தில் எத்தனை சதவீதம் வளர்ந்தாயிற்று என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு அளவு நாடாவும் எடைக் கருவியும் போதும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் வேலை. முதிர்ச்சி பற்றிய எண் பயிற்சியாளர் கைக்குப் போகட்டும். விசாரணைக் குழுவுக்கு அது ஒரு சந்தேகமாக மட்டும் போகலாம், தீர்ப்பாக அல்ல.

பிறப்பே பதிவாகவில்லை, இப்போது முடியுமா?

முடியும். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். கோடை விடுமுறையிலேயே கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிடுங்கள்.

எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதலா?

ஒரு கை எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னால் மட்டும் காரணம் கேளுங்கள்.

மேல்முறையீடு உண்டா?

வரைவில் மண்டலக் குழு, அதற்கு மேல் மத்தியக் குழு என்று இருக்கிறது. கரியாலூரிலிருந்து பேருந்து பிடித்துப் போகிறவரை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

ஏஐ வந்தால் நடுவர்களும் போய்விடுவார்களா?

விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் 2025-இல் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஓர் ஆட்டத்தில், அவர்களுக்குப் பதிலாக வந்த கருவியை யாரோ தவறுதலாக அணைத்துவிட, புள்ளியை மறுபடி ஆடவேண்டியதாயிற்று.

பிள்ளை செஸ் ஆடுகிறான், கணினி வாங்கித் தரலாமா?

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரை செஸ் எஞ்சின் என்னும் கணினி நிரல் பக்கமே விடவில்லை. குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

ஊரில் சிக்னல் இல்லை, எப்படி விண்ணப்பிப்பது?

இ-சேவை மையம் உள்ள ஊருக்கு வந்து, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே, காலையிலேயே போட்டுவிடுங்கள். கடைசி நாள் மாலையில் சர்வர் படுத்துவிடும்.